தோளில் வைத்த கை

விபத்துப் பிரிவில் அவளுக்குக் கடிகாரம் என்று பேர். கேலிக்கு வைத்த பேர்தான். ஆனால் அவள் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தால் மற்ற நர்சுகள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள், இவள் சுவரைப் பார்ப்பாள். மணி என்ன, நிமிடம் என்ன என்று மனதில் குறித்துக்கொண்டு அப்புறம்தான் "என்னாச்சுப்பா?" என்று கேட்பாள். இருபத்திரண்டு வருஷம் இப்படி ஓட்டியவளைப் பிடித்து, பிரிவின் தலைவரான பெரிய டாக்டர் தன் ஆராய்ச்சிக்கு நர்சாகப் போட்டுக்கொண்டார். அதில் தப்பே இல்லை. நிமிடத்தை இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க அங்கே வேறு ஆள் கிடையாது.

ஆராய்ச்சியும் நல்ல ஆராய்ச்சிதான், அதையும் சொல்லிவிட வேண்டும். சனி ஞாயிறு வந்தால் மைதானங்களில் இருந்து ஆள் ஆளாக வந்து இறங்குவார்கள். கணுக்கால் பிசகியவன், விரல் மடங்கியவள், தோள் நழுவியவன், தலையில் பந்து வாங்கியவன். எல்லாம் இளவட்டம். "ஓடியாடுற வயசுதானே, கொஞ்சம் பொறுத்துக்கட்டும்" என்று அவர்களைக் கடைசியில் தள்ளுவது வழக்கமாகிவிட்டது. உடைந்த மணிக்கட்டோடு நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையன்கள் உண்டு. இதை மாற்ற வேண்டும் என்று பெரிய டாக்டர் நினைத்தார். விளையாட்டுக் காயத்துக்குத் தனி வரிசை, வந்த பதினைந்து நிமிடத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும், நிரூபித்துக் காட்டினால் மற்ற ஆஸ்பத்திரிகளும் செய்யும். இதற்காக ஹாலை ஒட்டி, ஊன்றுகோல்கள் போட்டு வைத்திருந்த கண்ணாடி அறையைக் காலி செய்து கடிகாரத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அடுக்கடுக்காக மஞ்சள் படிவங்கள்.

ஹால் சுவரில் ஒரு பெரிய திரை. அதே திரைதான் அவள் மேஜையிலும் தெரியும். நோயாளி வந்ததும் சிவப்புப் புள்ளி. டாக்டர் பார்த்ததும் பச்சை. சிவப்பாக இருக்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடித்துக்கொண்டே இருக்கும். பச்சையானால் மணி நின்றுவிடும், பேர் பட்டியலில் கீழே இறங்கிவிடும்.

ஆறு மாதம் போயும் சராசரி நாற்பத்தொரு நிமிடத்தை விட்டு அசையவில்லை. பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர்களைக் கேட்டால் அவர்கள் ஒரு நியாயம் சொன்னார்கள். "நாங்க போய் கால அமுக்கிப் பாத்துட்டுதான் இருக்கோம். அதுக்குள்ள மாரடைப்பு ஒண்ணு வருது, ஓடுறோம். திரும்பி வந்து கையெழுத்துப் போட அரை மணி ஆயிடுது. நீங்க கையெழுத்துப் போட்ட நேரத்த எடுத்துக்கறீங்க." அது உண்மைதான். கடிகாரமே பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கையெழுத்து நேரத்தை எதற்கு எடுக்க வேண்டும்? டாக்டரின் கை நோயாளி மேல் பட்ட நேரத்தை எடுத்தால் போயிற்று. அரைப் பக்கத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். பெரிய டாக்டர் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே படித்தார்.

"சிஸ்டர், நீங்க நர்சே இல்ல. விஞ்ஞானி!"

அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் படவில்லை. வீட்டுக்குப் போனதும் தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஆராய்ச்சிக் கட்டுரை வரும்போது ஐந்தாவது பேராக அவள் பேரும் வரும் என்று பெரிய டாக்டர் வாக்குக் கொடுத்ததையும் சொன்னாள். அப்புறம் இன்னும் இரண்டு தடவை வேறு வேறு சாக்கில் அதையே சொன்னாள். தங்கச்சியும் மூன்று தடவையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டாள். அவள் அப்படிப்பட்டவள்.

முதல் மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் டாக்டர்களுக்குச் சூட்சுமம் பிடிபட்டது. கை பட்டதும் நர்ஸ் புள்ளியைப் பச்சையாக்கிவிடுவாள். அவ்வளவுதானே? நெட்டை டாக்டர் என்று ஒரு இளம் டாக்டர், ஆள் நல்லவர், ஆனால் ஒரே நேரத்தில் பன்னிரண்டு பேரைப் பார்க்க வேண்டிய மனுஷன். காத்திருப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். இவர் ஒரு கோடியில் இருந்து மறுகோடிக்கு வேகமாக நடந்துகொண்டே ஒவ்வொரு தோளிலும் கையை வைப்பார். "வரேன்மா." "வரேன்பா." "ரெண்டே நிமிஷம்." நாலு தோள், நாலு பச்சை. மற்றவர்களும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டார்கள். சராசரி பதினொரு நிமிடத்துக்கு வந்தது.

கடிகாரத்துக்குத் தெரியாதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தானே எல்லாம் நடந்தது! நன்றாகத் தெரியும். "தொட்டுட்டுப் போனா என்ன, திரும்பி வந்து பாக்காமலா போயிடுவாங்க" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பெரும்பாலும் வந்தும் பார்த்தார்கள். சில நேரம் ஒரு மணி கழித்து, சில நேரம் மூன்று மணி கழித்து. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுத முடியாது என்று அவள் எழுதாமல் விட்டாள்.

இப்படியே நானூறு படிவம் தாண்டியது. ஆராய்ச்சியை வாசிக்கப்போகிற டாக்டர்கள் மாநாட்டுக்குக் கணக்கை முடித்து அனுப்ப வேண்டிய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் எல்லாப் படிவமும் கம்ப்யூட்டரில் ஏறிப் பூட்டப்பட வேண்டும். மிச்சம் முப்பத்தெட்டு இருந்தது.

அன்று காலை பத்து இருபதுக்குச் சக்கர நாற்காலியில் வந்தது வேறு யாருமில்லை, தங்கச்சி மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது, கல்லூரிக் கால்பந்து அணியில் முன்வரிசை. மூன்று வாரத்தில் தேசிய அணிக்கான தேர்வுக்குப் போக வேண்டியவள். அந்த இரண்டு காலையும் அவள் பார்த்துக்கொள்கிற அழகைச் சொல்லி வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். முகத்துக்கு ஒன்றும் தடவ மாட்டாள், கணுக்காலுக்குத் தைலம் தேய்ப்பாள். எதிரணிக்காரியின் பூட்ஸ் முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் பலமாக இறங்கிவிட்டது. சீருடையில் புல்லும் மண்ணும் அப்படியே இருந்தன.

"ஒண்ணும் இல்ல பெரியம்மா, சும்மா ஒரு உதை. அம்மாதான் ஊரக் கூட்டிட்டாங்க."

"ஊரக் கூட்டலடி, உன்னப் பெத்தவளுக்குப் பதறாதா?" என்றாள் தங்கச்சி. அவள் கையில் மகளின் ஒற்றை பூட்ஸ் இருந்தது.

கடிகாரம் சுவரைப் பார்த்துக்கொண்டாள். தானே மஞ்சள் படிவத்தை எடுத்தாள், தானே ஹாலின் ஓரக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தாள், ஐஸ் வைத்தாள், எக்ஸ்ரேவுக்குச் சீட்டு எழுதினாள். அங்கே நர்சே எக்ஸ்ரேவுக்கு எழுதலாம். பத்து இருபத்தொன்பதுக்கு நெட்டை டாக்டர் வேகமாகக் கடந்து போனார். போகிற போக்கில் வாலுவின் தோளில் கையை வைத்தார். "வரேன்மா, ரெண்டே நிமிஷம்." புள்ளி பச்சையானது. கடிகாரம் படிவத்தில் ஒன்பது நிமிடம் என்று எழுதினாள். எழுதிவிட்டு, "நம்ம வீட்டுப் புள்ளைக்கு ஒன்பதே நிமிஷம், பாரு" என்று தங்கச்சியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டாள்.

எக்ஸ்ரே பதினொரு மணிக்கு வந்தது. முறிவு இல்லை என்று திரையில் பேருக்குப் பக்கத்தில் ஏறியது. கடிகாரம் நிம்மதியாகத் தன் அறைக்குப் போய்ப் படிவங்களில் மூழ்கினாள்.

பன்னிரண்டே காலுக்குத் தங்கச்சி போன் செய்தாள். இருபதடி தூரத்தில் இருந்துகொண்டு போன்! அறைக்கு வந்தால் அக்கா வேலை கெட்டுவிடும் என்று பயம்.

"அக்கா, வலி கூடிட்டே போகுதுக்கா. டாக்டர் இன்னும் வரல."

கடிகாரம் திரையைப் பார்த்தாள். பச்சை. முறிவு இல்லை.

"டாக்டர் பாத்தாச்சு. எலும்பு நல்லா இருக்கு. அடிபட்டா வலிக்கத்தான் செய்யும். கத்துறாளா?"

"இல்ல. பல்லக் கடிச்சிட்டுப் படுத்திருக்கா. எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு."

"கத்தலல்ல? அப்ப பெரிசா ஒண்ணும் இல்ல. நீ சும்மா பதறாத. ஒரு தும்மலுக்கே டாக்டரக் கூப்பிடுற ஆளு நீ."

தங்கச்சி சரி என்று வைத்துவிட்டாள். அக்கா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் இருப்பவளுக்குத் தெரியாததா தனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

இரண்டு மணிக்கு டாக்டர்கள் ஷிப்ட் மாறினார்கள். நெட்டை டாக்டர் வீட்டுக்குக் கிளம்பும்போது அடுத்தவரிடம் திரையைக் காட்டி, "பச்சையெல்லாம் பாத்தாச்சு, சிவப்ப மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை, பாவம். காலையில் எத்தனை தோள் தொட்டார், அதில் எத்தனை பேரிடம் திரும்பிப் போனார் என்று அவருக்கே நினைவில்லை.

இரண்டரைக்குத் தங்கச்சியே எழுந்து வந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் கடிகாரத்தின் முதுகுப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னும் எத்தன சிஸ்டர்? எத்தன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

தங்கச்சி வாயைத் திறப்பதற்குள் கடிகாரம் முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக் கேஸ்தான் சார். பாத்தாச்சு." தங்கச்சியின் பக்கம் திரும்பி, "போ, போ. அஞ்சு மணிக்கு நானே வரேன்" என்று கதவைச் சாத்தினாள். சாத்தினாள் என்றால் மெல்லத்தான் சாத்தினாள். தங்கச்சி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனாள்.

நாலு பத்துக்கு வாலுவிடம் இருந்து போனில் ஒரு செய்தி வந்தது. கடிகாரம் போனைக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஐந்துக்குக் கணக்கைப் பூட்டி, பெரிய டாக்டர் கை குலுக்கி, யாரோ கேக் வெட்டி, ஒரு துண்டு இவள் கையிலும் கொடுத்து, ஐந்து இருபதுக்குத்தான் அதைப் புரட்டிப் பார்த்தாள். *பெரியம்மா கால் மரத்துப் போச்சு. வெரல அசைக்க முடியல.*

நர்சிங் படிப்பு முதல் வருஷத்துப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். அடிபட்ட கால் மரத்தால் வலி குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தசை உள்ளுக்குள்ளேயே வீங்கி, விரிய இடமில்லாமல், தன் ரத்த ஓட்டத்தைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறது. எலும்பு முறிந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. ஐந்தாறு மணி நேரத்துக்குள் தோலையும் தசையைச் சுற்றிய உறையையும் கிழித்து விட்டால் கால் பிழைக்கும். அதற்கு மேல் தசை செத்துப்போகும்.

கேக்கை எங்கே போட்டாள் என்று தெரியாது. ஓடினாள். போர்வையை விலக்கிப் பார்த்தாள். கால் பளபளவென்று வீங்கி, தொட்டால் மரக்கட்டையாக இருந்தது. "பாதத்தத் தூக்குடி. மேல தூக்கு." வாலு முகம் சிவக்க முயன்றாள். பாதம் தன்பாட்டுக்குத் தொங்கிக் கிடந்தது. கடிகாரம் அப்போது போட்ட கூச்சலில் ஹால் முழுவதும் திரும்பிப் பார்த்தது.

ஆறு மணிக்கு அறுத்தார்கள். அடி விழுந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அறுவை டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா" என்று ஆரம்பித்தார்.

"நாங்க காலையிலேயே வந்துட்டோம் டாக்டர்" என்றாள் தங்கச்சி. "பத்து மணிலேருந்து இங்கதான் இருக்கோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடிகாரம் தரையைப் பார்த்தாள்.

இரண்டு ஆபரேஷன், பத்தொன்பது நாள் வார்டு. முன்பக்கத் தசை போனது போனதுதான். பாதம் இனிமேல் தானாகத் தூக்காது. ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை வைத்து நிமிர்த்திக்கொண்டு நடக்கலாம். ஓடுவதா? அந்தக் கேள்வியை வாலு கேட்கவில்லை. தேர்வு நாள் அன்று காலையில் எழுந்து குளித்து, சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டாள்.

தங்கச்சி வாழ்நாளில் யார் மேலும் புகார் எழுதியதில்லை. இப்போது எழுதினாள். ஏழு மணி நேரம் ஒரு டாக்டரும் பார்க்கவில்லை என்று எழுதினாள். ஆஸ்பத்திரியில் இருந்து நாலு வரியில் பதில் வந்தது. தங்கள் மகளை ஒன்பதாவது நிமிடமே மருத்துவர் பார்த்ததற்குப் பதிவு இருக்கிறது.

"என்னக்கா இப்படிப் புளுகுறாங்க!" என்று காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவிடமே வந்தாள். "யாருக்கா இந்த ஒன்பது நிமிஷத்த எழுதினது? விசாரணை வெக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். நீ வந்து ஒரு வார்த்த சொல்லுக்கா. உன் வார்த்தைய நம்புவாங்க."

அன்று அக்கா பெருமையடித்தபோது அவள் வாயிலிருந்தே அந்த ஒன்பது நிமிடத்தைத் தங்கச்சி கேட்டிருந்தாள். மகள் கால் போன கலவரத்தில் அது அவள் நினைவில் நிற்கவில்லை. கடிகாரம் "வரேன்" என்று மட்டும் சொன்னாள். எழுதினது நான்தான் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டனுப்பினார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சிஸ்டர். நானூத்தம்பது பேரோட ஆராய்ச்சி இது. ஒரு கேசுக்காக எல்லாத்தையும் போட்டு ஒடைக்க வேண்டாம்." அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் இவளுக்குப் பயமாக இருந்தது.

ஒரு வாரம் யோசித்தாள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும். தொட்டதுதான், பார்க்கவில்லை என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிடுவது. முடிவெடுத்த பிறகு மனசு லேசாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தங்கச்சி தன்னைக் கட்டிக்கொண்டு அழுவதாக எல்லாம் நினைத்துப் பார்த்துக்கொண்டாள். மனுஷ மனசு எந்த இடத்திலும் தனக்கு ஒரு மாலை தேடிக்கொள்ளும்.

விசாரணை மூன்றாவது மாடியில். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சத்தம் போடும் ஏ.சி. தலைமை உட்கார்ந்தது நிர்வாக அதிகாரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். ஒரு பக்கம் பெரிய டாக்டர் ஒரு கோப்போடு. எதிர்ப் பக்கம் தங்கச்சியும் வாலுவும். வாலு காலை மேஜைக்கு அடியில் இழுத்து வைத்திருந்தாள்.

"பதிவுல ஒன்பது நிமிஷம்னு இருக்கு. இது உங்க கையெழுத்தா?" என்று அதிகாரி அம்மாள் கேட்டாள்.

"ஆமாங்க, என்னோடதுதான்."

தங்கச்சி சட்டென்று அக்காவைப் பார்த்தாள்.

"ஆனா மேடம், அது உண்மை இல்ல." கடிகாரம் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. "டாக்டர் தோள்ல கை வெச்சிட்டுப் போனாரு. அவ்வளவுதான். கால பாக்கல. ஒரு கேள்வி கேக்கல. சாயந்தரம் வரைக்கும் யாரும் பாக்கல. இந்த ஒரு படிவம் மட்டும் இல்ல, பாதிப் படிவம் இப்படித்தான். நான் சாட்சி."

பெரிய டாக்டர் அவசரப்படவில்லை. கோப்பைத் திறந்து ஒரு அரைப் பக்கத் தாளை எடுத்து, மேஜை மேல் நகர்த்திவிட்டார்.

"கை பட்டா பாத்ததா எடுத்துக்கலாம்னு எழுதிக் கொடுத்தவங்க இவங்கதான் மேடம். கீழ கையெழுத்து இருக்கு. நல்ல எண்ணத்துலதான் கொடுத்திருப்பாங்க. அனுபவசாலியாச்சேன்னு நம்பி நான் ஏத்துக்கிட்டேன். அது தப்பாப் போகுதுன்னு இவங்க ஒரு நாளும் என்கிட்ட வந்து சொல்லல."

என்ன நாக்கு! ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால்தான் கடிகாரத்தால் எதையும் மறுக்க முடியவில்லை.

அதிகாரி அம்மாள் தாளைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "அப்படின்னா திரையில பச்சை இருந்தா டாக்டர் பாத்தாச்சுன்னு அர்த்தம் இல்ல. இது அன்னைக்கே உங்களுக்குத் தெரியும். சரியா?"

"தெரியும்."

"அக்கா," என்றாள் தங்கச்சி. மெதுவாகத்தான் சொன்னாள். "போன்ல பாத்தாச்சுன்னு சொன்னியே."

கடிகாரம் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள்.

"கதவத் தட்டினப்பவும் சொன்னியே. பாத்தாச்சுன்னு."

அதிகாரி அம்மாள் எழுதிக்கொண்டிருந்தாள். பேனா நின்றதும் பெரிய டாக்டர், ஆராய்ச்சியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை என்றார். ஊழியர்களின் உறவினர்களைச் சேர்க்கக் கூடாது என்று முதலிலேயே ஒரு விதி இருக்கிறதாம். அதன்படி இந்தப் பெண்ணின் படிவத்தை நீக்கியாகிவிட்டதாம். "சராசரி மாறல. பதினோரு நிமிஷம்தான்" என்றார். மற்ற படிவங்களை ஒரு குழு பார்க்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கடிகாரத்தைப் பணியில் இருந்து நிறுத்தி வைப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள். கட்டுரையில் இருந்து அவள் பேரை எடுப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அது எப்போதோ எடுத்தாகிவிட்டது.

வெளியே நடைவழியில் லிப்டுக்காக நின்றார்கள். தங்கச்சி பொத்தானை அமுக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரம் இரண்டடி தள்ளி நின்றாள். பக்கத்தில் போகவும் தைரியமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. கடைசியில் வாலுவிடம்தான் பேசினாள்.

"அடிப்பாவி மகளே, அப்படி வலிச்சிருக்கே, ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? நீ சின்ன வயசுல ஊசி போட்டாலே தெருவக் கூட்டுவியே. ஒரு தடவ கத்தியிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

வாலு சுவரில் கையை ஊன்றிக்கொண்டு காலைச் சரியாக வைத்தாள்.

"கத்தலாம்னுதான் இருந்தேன் பெரியம்மா. பக்கத்துக் கட்டில் அண்ணன் கத்தினாரு, அவரப் பாக்க ரெண்டு டாக்டர் வந்தாங்க. ஆனா அந்தக் கண்ணாடி வழியா உங்க தல தெரிஞ்சுட்டே இருந்துச்சு. நீங்க வேல செய்யற எடமாச்சே. நம்ம வீட்டுப் பொண்ணு கத்திக் கலாட்டா பண்ணினான்னு உங்கள யாராவது பேசிடுவாங்களோன்னு பயம். பெரியம்மா இருக்காங்க, பாத்துப்பாங்கன்னு வாயப் பொத்திட்டுப் படுத்திருந்தேன்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அவள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். கடிகாரம் கையை நீட்டி அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொள்ளப் போனாள். தங்கச்சி குறுக்கே வந்து மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

லிப்ட் வந்தது. தாயும் மகளும் ஏறினார்கள். வாலு ஏறும்போது அந்தக் கால் ஒரு கணம் விளிம்பில் இடறி, பிறகு உள்ளே போனது. கதவு மூடும்வரை தங்கச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. கடிகாரம் படி வழியாக இறங்கினாள்.